தவக்காலம் முழுவதும் காலியாக இருந்த அறை

பாகூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு அருள்மொழி எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் உங்க மாப்பிள்ளையும் சுகமா இருக்கோம். மதுரைப் பக்கத்துப் பனி உங்களுக்கு ஒத்துக்குதா, முட்டி வலி எப்படி இருக்குன்னு எழுதுங்க.

டிசம்பர் வெள்ளம் வடிஞ்சி இப்பதான் ரோடு ரோடா தெரியுது. எங்க தெருவுல பாதி வூட்டுல சுவரு இன்னும் ஈரம். காய்ச்சல், சொறி, புள்ளைங்களுக்கு வயித்துப்போக்குன்னு செலியமேடு சப் சென்டர்ல கூட்டம் ஓயவே இல்ல. நான் ஒருத்திதான் நர்ஸ். சாயந்திரம் வூட்டுக்கு வந்தா, வாசல்ல நாலு பேர் மாத்திரைக்கு நிக்கிறாங்க.

தினமும் ஜெபத்துக்கு எவ்வளவு நேரம் வெக்கிறேன்னு போன கடிதத்துல கேட்டீங்க. உங்ககிட்ட பொய் சொல்ல முடியல. ஸ்கூட்டர்ல போகும்போது ஜெபமாலை சொல்றேன். அதுவும் பாதியில நின்னுடும். ஒரு இடத்துல உக்காந்து ஜெபம் பண்ணி ரொம்ப நாளாச்சி. நீங்க மடத்துக்கு உள்ள போன நாள்ல இருந்து எனக்கும் சேத்து சொல்றீங்கன்னு ஒரு தைரியம். அது தப்பா அக்கா?

ஒரு பொண்ணுக்காக வேண்டிக்குங்க. பேரு செல்வகுமாரி. செலியமேட்டுல கரும்பு வெக்கிற கண்ணையன் மக. கரிக்கலாம்பாக்கத்துல குடுத்திருக்காங்க. புருஷன் அரிகரன், வயல பிளாட் போட்டு விக்கிறவன். கட்சிக்காரங்க, ஆபீசருங்க எல்லாரும் அவனுக்குப் பழக்கம். அம்மா வூட்டுக்கு வந்தவ என்கிட்ட கையக் காட்டினா. சூடு. கஞ்சி கொட்டிடுச்சின்னா. கஞ்சி கொட்டினா வழிஞ்சி இறங்கும். இது முக்கோணமா, அயர்ன் பாக்ஸ் அடி மாதிரி இருந்திச்சி. நான் கேக்கறதுக்குள்ள அவனே உள்ள வந்துட்டான். "நல்லா மருந்து போடுங்க நர்சம்மா, இவளுக்கு எதுலயும் கவனமே இல்ல"ன்னு சிரிச்சான். நான் நிமிந்து பாக்கல. மருந்து போட்டு அனுப்பிட்டேன்.

மதரையும் மத்த சிஸ்டருங்களையும் கேட்டதா சொல்லுங்க.

உங்க தங்கச்சி,
அருள்மொழி


சேசு மரி சூசை

மடம்
26 ஜனவரி 2025

கிறிஸ்துவில் அன்புள்ள மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் உடல் நலத்தோடு இருப்பதற்கு நன்றி சொன்னேன். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. குளிர் குறைந்தால் குறையும். மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் தரும்போது, "உன் தங்கைக்கு வேலை அதிகம்" என்றார்.

நான் உனக்கும் சேர்த்து ஜெபிக்கிறேன், உண்மைதான். ஆனால் உனக்குப் பதிலாக நான் சாப்பிட முடியுமா? காலையில் அரை மணி நேரம் எழுந்து உட்கார். வார்த்தை வராவிட்டாலும் உட்கார். அது இல்லாமல் நீ ஓடிக்கொண்டே இருந்தால், ஒருநாள் யாருக்காக ஓடுகிறாய் என்பதே மறந்துவிடும் என்று எனக்குப் பயம்.

அந்தப் பெண்ணின் பெயரை நற்கருணைக்கு முன்னால் தினமும் சொல்கிறேன். அவள் கணவனின் பெயரையும் சொல்லப் பார்க்கிறேன். அது சுலபமாக வரவில்லை.

ஒரு நினைவூட்டல். இந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் ஐந்தாம் தேதி. அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை இங்கே கடிதம் எழுதுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. வருவதெல்லாம் மதர் மேசையில் உறையோடு இருக்கும். எழுதுவதானால் அதற்குள் எழுது.

மாப்பிள்ளை அன்புராஜுக்கு என் ஆசீர். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா?

செபத்தில் உன்னை மறவாத அக்கா,
சிஸ்டர் மதலேன்


பாகூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

இங்க உடம்பு எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும்னு எழுதிட்டேன். வூட்டுல இப்ப மூணு பேர் இருக்கோம்.

செவ்வாக்கிழமை மத்தியானம் சாப்பிட வூட்டுக்கு வந்தேன். பின் பக்கம் துணி துவைக்கிற கல்லுல செல்வகுமாரி உக்காந்திருந்தா. காலுல செருப்பு இல்ல. "அக்கா, ரெண்டு நாள் இருந்துக்கிறேன், அதுக்கப்புறம் நானே போயிடுறேன்"னா. எங்க போவேன்னு கேட்டேன். கழுத்துல விரல் பதிஞ்ச தடம். உள்ள கூட்டிட்டு வந்து கதவ சாத்தினேன்.

போலீசுக்குப் போனோம். அங்க இருந்தவரு, குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நாங்க வூடு வந்து சேர்றதுக்குள்ள அரிகரனுக்கு சேதி போயிடுச்சி. போன வருஷமே டவுன்ல ஒரு பெண்கள் ஹோமுக்கு இவ போயிருக்கா. பெரிய மனுஷங்கள அழைச்சிட்டுப் போய் சமாதானம் பேசி, அங்கயிருந்து திருப்பி கூட்டிட்டு வந்துட்டானாம்.

உங்க மாப்பிள்ளை அன்னிக்கு அவளுக்குப் பாய் எடுத்துப் போட்டாரு. மறுநாள்தான், "இது நமக்குத் தாங்குமா மொழி?"ன்னாரு. அவரு கெட்டவரு இல்லக்கா, பயந்தவரு. நானும்தான். பக்கத்து வூட்டு தையலம்மாளுக்கு மட்டும் தெரியும். அந்தம்மா மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளி தவறாமப் போறவங்க. சாதம் வடிச்சி சுவரு மேல வெச்சிட்டு ஒண்ணும் கேக்காமப் போறாங்க.

நீங்க சொன்ன அரை மணி நேரம் உக்கார்றேன். வெளியில பைக் சத்தம் கேட்டா காது அங்கதான் போகுது. செல்வகுமாரியும் எழுந்து வந்து பக்கத்துல உக்காந்தா. "நீ போய்ப் படு, இதுல நீ உக்கார வேணாம்"னு சொல்லிட்டேன். நாளைக்கு யாராவது அவள மதம் மாத்துறேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். ஜெபத்துல இருந்து ஒருத்திய நானே எழுப்பி அனுப்பினேன். மனசு கஷ்டமா இருந்திச்சி.

வேண்டிக்குங்க. உடம்ப பாத்துக்குங்க.

அருள்மொழி


சேசு மரி சூசை

மடம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மொழி,

நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா என்பதையே முதலில் கேட்கிறேன். மற்றதெல்லாம் பிறகு. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. வேதாகமச் சங்கீதம் பாடும்போது பக்கத்தில் இருக்கும் சிஸ்டர் என் முழங்கையைத் தொட்டு வரியைக் காட்டுகிறார்.

அந்தப் பெண்ணை அவள் பெற்றோரிடம் சேர்த்துவிட முடியாதா? உங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் சொன்னாயா? நீ செய்வது தவறு என்று சொல்லவில்லை. உனக்கு முன்பின் யாரும் இல்லை, நீயும் அன்புராஜும் மட்டும்தான். அவர் வேலைக்குப் போய்விட்டால் நீங்கள் இரண்டு பெண்கள். நான் இங்கே உயரமான சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு உனக்குப் புத்தி சொல்கிறேன் என்பதும் தெரிகிறது.

காலை ஜெபத்தை மட்டும் விடாதே. காது வெளியே போனால் போகட்டும், நீ உட்கார்ந்திரு.

தவக்காலத்துக்கு முன் என்னால் எழுத முடிந்த கடைசிக் கடிதம் இதுதான். உன் பதில் விரைந்து வரட்டும்.

உன் அக்கா,
சிஸ்டர் மதலேன்


பாகூர்
2 மார்ச் 2025

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்ல, மன்னிச்சிக்குங்க. நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன். சாம்பல் புதனுக்கு முன்னால உங்க கையில கிடைக்கணும்.

அப்பா அம்மாகிட்ட சேக்க சொன்னீங்க. கண்ணையனே அவள ரெண்டு தடவை கொண்டுபோய் அந்த வூட்டுல விட்டுட்டு வந்தவரு. அவ தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலயாம், பேரு கெட்டுடுமாம்.

வெள்ளிக்கிழமை எங்க வூட்டுல அன்பியக் கூட்டம். மாசம் ஒரு தடவை பங்குப் பொம்பளைங்க ஒண்ணா ஜெபிக்கிறதுதான், உங்களுக்குத் தெரியும். பாட்டு ஆரம்பிச்சோம். அரிகரன் அஞ்சாறு ஆளோட வந்து வாசல்ல நின்னான். எல்லார் கையிலயும் போன், வீடியோ எடுக்கிறானுங்க. "பாத்துக்குங்க, இதான் மதம் மாத்துற வூடு. என் பொண்டாட்டிய மயக்கி உள்ள வெச்சிருக்கா"ன்னு கத்துறான். பொம்பளைங்க எல்லாம் சுவரோரமா ஒதுங்கிட்டாங்க. நான் வாசப்படியில போய் நின்னேன்.

"உங்க பொண்டாட்டிக்கு சூடு வெச்சது யாரு?"ன்னு கேட்டேன்.

அவன் கிட்ட வந்து, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி மெதுவா சொன்னான்: "நர்சம்மா, உன் வண்டி தினம் எந்த வாய்க்கா மேட்டுல போகுதுன்னு எனக்குத் தெரியும்."

கத்தினது பயமில்ல அக்கா. இப்படி மெதுவா சொன்னதுதான்.

செல்வகுமாரி அந்நேரம் பாத்ரூம்ல வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. வெளியில வர வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி.

சாமியார்கிட்ட சொன்னேன். அவரும் கலங்கிட்டாரு. "கொஞ்ச நாளைக்கு வீட்டு ஜெபம் வேணாம்மா, கோயிலோட வெச்சிக்கலாம். அந்தப் பொண்ணையும் வேற எங்கயாவது சேத்துடு. பங்கு முழுக்க பிரச்சனைல மாட்டும்"னாரு. வேற எங்கன்னு அவருக்கும் தெரியல.

அதான் கேக்கிறேன். நீங்க சிஸ்டரா வார்த்தைப்பாடு குடுத்தப்ப நாங்க வந்து தங்கினமே, மடத்துக்கு வெளிப்பக்கம் விருந்தினர் அறை, அதுல அவள வெச்சிக்க மதர்கிட்ட கேளுங்க. அவ்வளவு தூரம் அவன் வர மாட்டான். மதர் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நானே கொண்டுவந்து விடுறேன்.

அருள்மொழி


பாகூர்
19 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க முட்டி வலி குறைஞ்சிருக்கும்னு நம்புறேன்.

என் கடிதம் புதனுக்கு அப்புறம்தான் வந்திருக்கு போல. மடத்துக்குப் போன் போட்டேன். வெளி வேலை பாக்கிற வயசான சிஸ்டர் எடுத்தாங்க. "தவக்காலம்மா, கடிதமா எழுதும்மா, மதர் மேசையில வெச்சிடுறேன்"னாங்க. சப் சென்டர்ல சுத்தி ஆளுங்க இருந்தாங்க. அதுல யாரு யாரோட ஆளுன்னு தெரியல. விஷயத்தச் சொல்ல பயந்து வெச்சிட்டேன். சாயந்திரம் வூட்டுல இருந்து போட்டா யாரும் எடுக்கல. இதுவும் உறைக்குள்ளதான் கிடக்கும்னு தெரியும். ஆனாலும் எழுதுறேன். யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியல.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுத்துது. என் மேல டிப்பார்ட்மென்ட்டுக்கு புகார் போயிருக்கு. தடுப்பூசிக்கு வர்ற தாய்மாருங்க குறைஞ்சிட்டாங்க. ஒருத்தி புள்ளையத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, என்னப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா. அவளுக்குப் பிரசவம் பாத்தவளே நான்தான்.

உங்க மாப்பிள்ளை பைக் டயர யாரோ கிழிச்சிட்டாங்க. அவரு அதத் தள்ளிக்கிட்டே கடைத்தெரு வரைக்கும் போனாரு. மளிகைக்கடை அப்துல் கனி பாயி, கடையில இருந்து இறங்கி வந்து கூடத் தள்ளினாராம். வந்து என்கிட்ட அதத்தான் சொன்னாரு, டயரப் பத்தி சொல்லல. ஆனா அன்னிக்கு சாயந்திரம் எங்க ரெண்டு பேருக்கும் வார்த்தை முத்திடுச்சி. "யாருக்கோ நல்லது பண்ணப் போயி என்னப் பொணமாக்கப் போற"ன்னாரு. சுவருக்கு அந்தப் பக்கம் செல்வகுமாரி இருந்தா.

காலையில அரை மணி நேரம் உக்கார்றேன். ஜெபம்னு சொல்ல முடியாது. "ஆண்டவரே, அவன் வரக்கூடாது" அது ஒண்ணுதான். திரும்பத் திரும்ப அதேதான். இதுக்கு அவரு காது குடுப்பாரா? வாய்க்கா மேட்டு வழிய விட்டுட்டு மெயின் ரோடு சுத்திப் போறேன். பின்னால ஒரு வண்டி வந்தா, அது என்னத் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு விடுறதில்ல.

அருள்மொழி


பாகூர்
6 ஏப்ரல் 2025

அக்கா,

அவ போயிட்டா.

நான் வேலைக்குப் போயிருந்தப்ப போயிருக்கா. போர்வைய மடிச்சி வெச்சிட்டு, பாத்திரம் எல்லாம் துலக்கிக் கவுத்துட்டுப் போயிருக்கா. தையலம்மாள்கிட்ட, "என்னால அந்தக்காவுக்கும் அண்ணனுக்கும் சண்டை வேணாம்"னு சொன்னாளாம். அந்தம்மா கையப் புடிச்சி இழுத்திருக்காங்க. உதறிட்டுப் போயிட்டா.

நேத்து கரிக்கலாம்பாக்கத்துக்குப் போனேன். புது பிளாட்டுங்களுக்கு நடுவுல ஒத்தையா நிக்குது அவன் வூடு. கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டே, "உள்ளதான் இருக்கா. தூங்குறா. இன்னா வேணும் உனக்கு?"ன்னான். ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னேன். "தூங்குறான்னு சொன்னேன்"னான். பட்டப்பகல். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்திச்சி. கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல.

திரும்பி வந்துட்டேன். அதான் எனக்குத் தாங்கல. திரும்பி வந்துட்டேன்.

நீங்க அங்க என்ன ஜெபம் சொல்றீங்கன்னு தெரியல அக்கா. என்னால ஒண்ணும் சொல்ல முடியல.

அருள்மொழி


சேசு மரி சூசை

மடம்
21 ஏப்ரல் 2025, உயிர்ப்புத் திங்கள்

மொழி, என் கண்ணே,

நேற்று பூசை முடிந்ததும் மதர் உன் மூன்று கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். விழா நாளாகையால் அவரும் முன்கூட்டிப் படிக்கவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்றாவதைப் படித்து முடித்ததும் எழுந்தேன். மதரிடம் ஓடினேன். இருபது வருடமாக இந்தத் தாழ்வாரத்தில் நான் ஓடியதில்லை.

தவக்காலம் முழுவதும் அந்த விருந்தினர் அறை காலியாகத்தான் இருந்தது. வாரந்தோறும் பெருக்கிப் பூட்டினார்கள். உன் முதல் கடிதம் சாம்பல் புதனுக்கு மறுநாள் வந்திருக்கிறது. நான் உனக்காக முழந்தாளிட்டிருந்த இடத்துக்கு அடுத்த அறையில், மேசைமேல், பிரிக்காமல் கிடந்திருக்கிறது. உனக்கு எது தேவை என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அதை எழுதியே அனுப்பியிருந்தாய்.

மதர் மூன்றையும் படித்தார். பிறகு அவரே உன் எண்ணுக்குப் போன் செய்தார். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மதியமும் இன்றும் செய்தார். அதே பதில்தான்.

எங்கே இருக்கிறாய்? ஒரு வரி போதும். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா?

அக்கா


பாகூர்
25 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு அன்புராஜ் எழுதுவது. அருள்மொழிக்கு வலது கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் அவள் சொல்லி நான் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். அவளும் உயிரோடு இருக்கிறாள், அந்தப் பெண்ணும் உயிரோடு இருக்கிறாள். அருள்மொழியின் போன் உடைந்துவிட்டது, என் எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பெரிய வெள்ளி அன்று மூன்று மணி வழிபாடு முடிந்து வெளியே வந்தேன், இவளைக் காணோம். ஸ்கூட்டரும் இல்லை. தையலம்மாள் வீடும் பூட்டியிருந்தது. எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பின்னாலேயே போனேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் அந்த ஆள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் மண் ரோட்டில் இவள் முழந்தாள் போட்டு, சத்தமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாளாம், தட்டிப் பார்த்தாளாம், திறக்கவில்லை. திரும்பி வரவும் முடியவில்லை, வேறு ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஜெபம் சொன்னேன் என்கிறாள். பக்கத்தில் தையலம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவள் ஒவ்வொன்றும் முடிக்கும்போது "ஆமா தாயே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நூறு நாள் வேலை முடிந்து அந்த வழியாக வந்த பெண்கள் நின்றார்கள். "இன்னா நர்சம்மா இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். தையலம்மாள், "உள்ள ஒரு பொண்ணு கெடக்குது. கதவத் தொறக்கிற வரைக்கும் நாங்க எழுந்திருக்க மாட்டோம்" என்றார். ராமாயி என்று ஒரு அம்மா முதலில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள். சிலர் போய்விட்டார்கள்.

அரிகரன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். "மதம் மாத்துறவ நடுரோட்டுல வந்து உக்காந்திருக்கா, எல்லாரும் போன்ல புடிங்க" என்று கத்தினான். ராமாயி, "எம்மவ புள்ளைக்கு ஊசி போட்டவ இவ. என்னிய இன்னாவா மாத்திட்டா?" என்று கேட்டார். நேராக வந்து இவள் கையைப் பிடித்து முறுக்கித் தரையில் தள்ளினான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சிஸ்டர், நான் அப்போது பைக்குக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கால் வரவில்லை. அந்தப் பெண்கள்தான் எழுந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள். அதன்பிறகே எனக்குக் கால் வந்தது. போலீசுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. வந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. அவ்வளவு பேர் முன்னால், குடும்ப விஷயம் என்று அவர் சொல்லவில்லை, அவனை ஜீப்பில் ஏற்றினார்.

பின் அறை வெளியிலிருந்து பூட்டியிருந்தது. உள்ளே செல்வகுமாரி தரையில் கிடந்தாள். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இவள் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் நாடி பார்த்தாள். "இருக்கு, தண்ணி குடுங்க" என்றாள்.

செல்வகுமாரி இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள். உங்கள் 21-ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது. அறை இன்னும் உண்டா என்று இவள் கேட்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அன்புராஜ்


சேசு மரி சூசை

மடம்
4 மே 2025

அன்புள்ள மொழிக்கும் தம்பி அன்புராஜுக்கும்,

அறை இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே மதர் தம்பியின் போனில் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாகிவிட்டது. மருத்துவர் அனுமதித்ததும் அழைத்து வா. உன் கையை அதிகம் அசைக்காதே. எலும்புக்கு நல்லது என்று இங்கே எல்லாரும் ஏதேதோ சொல்கிறார்கள், நர்ஸுக்கு எழுதி அனுப்ப வெட்கமாக இருக்கிறது.

வியாழனன்று மதர் எங்கள் எல்லாரையும் கூட்டினார். தவக்காலத்தில் வரும் கடிதங்களை இனி அவர் பிரித்துப் பார்ப்பார், உயிர் சம்பந்தப்பட்டது எதுவும் மேசையில் காத்திருக்காது என்று சொன்னார். வயதான சிஸ்டர் ஒருவர், "மௌனம்தானே மதர் நம் ஊழியம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நானும் அப்படித்தான் நம்பி வந்தேன். மதர் பதில் சொல்வதற்கு முன் அந்தச் சிஸ்டரே அழுதுவிட்டார்.

தம்பி, உங்கள் கால் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவளைப் பெற்றோரிடம் அனுப்பிவிடச் சொன்னவள் நான். நாம் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

பயணம் பத்திரம்.

சிஸ்டர் மதலேன்


பாகூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வகுமாரிய மடத்துல விட்டுட்டு பத்திரமா ஊர் வந்து சேந்தோம். கட்டு பிரிச்சாச்சி, ஆனா பேனா புடிச்சா கை இழுக்குது. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க. மடத்துக் கிராதிக் கம்பிக்கு அந்தப் பக்கம் உங்களப் பாத்தேன். ரொம்ப இளைச்சிருக்கீங்க. அதச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு அங்க சொல்லல. செல்வகுமாரி ஒழுங்கா சாப்பிடுறாளா?

அரிகரனுக்கு ஜாமீன் கிடைச்சிடுச்சி. கேஸ் நடக்குது. செலியமேடு பஸ் ஸ்டாப்ல டீக்கடை பெஞ்சுல வந்து உக்கார்றான். நான் தாண்டிப் போறப்ப டீ கிளாச கீழ வெச்சிட்டுப் பாக்குறான். அவ்வளவுதான்.

என்னைய வேற ஊருக்கு மாத்தப் போறதா பேசிக்கிறாங்க. ஆர்டர் இன்னும் வரல. தடுப்பூசிக்கு தாய்மாருங்க மறுபடி வர்றாங்க. அன்பியக் கூட்டம் எங்க வூட்டுலயே நடந்திச்சி. சாமியாரே வந்து உக்காந்தாரு. நாலு பேர்தான் வந்தாங்க, அதுல ஒருத்தங்க தையலம்மாள்.

காலையில உக்கார்றேன். பயம் போகும்னு உக்காந்தேன், அது போகல. இப்பல்லாம் பயத்தோடயே உக்கார்றேன். அப்புறம் எழுந்து வண்டிய எடுக்கிறேன். உக்காராத நாள்ல அந்த டீக்கடைய என்னால தாண்ட முடியல அக்கா, பாதியிலேயே வூட்டுக்குத் திரும்பிடுறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

அவ எங்க இருக்கான்னு இங்க யாருக்கும் சொல்லல. கண்ணையன் மட்டும் வந்து அழுதாரு. அவருகிட்டயும் ஊரு பேரு சொல்லல. மதுரைப் பக்கம்னு மட்டும் வாய் தவறி வந்துடுச்சி. நீங்க அந்தப் பக்க மடத்துல இருக்கிறது ஊருக்கே தெரியும், அரிகரன் காதுக்குப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

உங்க தங்கச்சி,
அருள்மொழி


சேசு மரி சூசை

மடம்
29 ஜூன் 2025

அன்புள்ள மொழிக்கு,

உன் கோணல் எழுத்து பார்க்க நன்றாகவே இருந்தது. செல்வகுமாரி சாப்பிடுகிறாள். எங்கள் சீருடைகளைத் தைத்துத் தருகிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் தாழ்வாரம் வரை வரும். நின்று போனால் எனக்கு உடனே பதறும். மறுபடி ஓடியதும் வேலைக்குத் திரும்புவேன்.

உனக்கு மறைக்க வேண்டாம் என்று மதர் சொன்னதால் எழுதுகிறேன். வாய் தவறியதற்காக உன்னை நொந்துகொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை நண்பகல் ஜெபத்துக்கு மணி அடித்தது. வெளி வேலை பார்க்கும் சிஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்ததால் வாசல் பொறுப்பு என்னுடையது. எல்லாரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள். அப்போது வாசல் மணி அடித்தது.

எங்கள் வாசலில் மரக்கதவுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பித் துவாரம் உண்டு, பேச மட்டும். "யார்?" என்றேன்.

"பாகூர்லேருந்து வரேன் சிஸ்டர். செல்வகுமாரி இங்கதான இருக்கா? வூட்டுக்காரன் வந்திருக்கேன்னு சொல்லுங்க. கூட்டிட்டுப் போறேன்."

நீ எழுதியிருந்தாயே, மெதுவாகப் பேசுவான் என்று. அந்தக் குரல்தான். உள்ளே சங்கீதம் ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் என் இடத்தில் முழந்தாள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கால் இழுத்தது. தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது. அவளுக்கும் குரல் கேட்டிருக்க வேண்டும்.

இல்லை என்று பொய் சொல்ல வரவில்லை. "நீங்கள் யாரையும் இங்கேயிருந்து அழைத்துப் போக முடியாது" என்றேன்.

"நீங்க சாமி கும்பிடுறவங்க. குடும்பத்துல ஏன் வர்றீங்க?"

கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது, ஆனாலும் தோளைக் கொடுத்து நின்றேன். அவன் அந்தப் பக்கமிருந்து ஒரு முறை தள்ளினான். மரம் என் தோளில் இடித்தது. மதருக்கான அவசர மணிக் கயிறு கைக்கு எட்டியது. இழுத்தேன். உள்ளே பாட்டு நடுவரியில் நின்றது. இந்த மடத்தில் அப்படி நின்று நான் கேட்டதில்லை. எல்லாரும் வந்தார்கள், நடக்க முடியாத சிஸ்டரையும் தாங்கிக்கொண்டு. மதர் போலீசுக்குப் போன் செய்தார். மற்றவர்கள் என்னோடு கதவில் சாய்ந்து நின்று விட்ட வரியிலிருந்து மறுபடி பாடினார்கள். யாருக்கும் சுருதி சேரவில்லை.

போலீஸ் வந்தபோது அவன் மதில் ஓரம் மர நிழலில் நின்றிருந்தானாம். அவளை நெருங்கக்கூடாது என்ற ஜாமீன் விதியை மீறியதற்காக அழைத்துப் போயிருக்கிறார்கள். திரும்பி வர மாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் உனக்கு அப்படி எழுத மாட்டேன்.

வாசல் பொறுப்பை எனக்கே தரும்படி மதரிடம் கேட்டேன், தந்துவிட்டார். பகல் ஜெபங்களை இனி வாசலிலேயே சொல்கிறேன். ஒரு சங்கீதத்தைக் கூட முழுசாகச் சொல்ல முடிவதில்லை. பால்காரர் வருகிறார், தபால்காரர் வருகிறார், ஒவ்வொரு மணிக்கும் நெஞ்சு நின்று ஓடுகிறது. எழுந்து போய் "யார்?" என்று கேட்டுவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடங்குகிறேன்.

உன் கைக்கு எண்ணெய் தடவு. டீக்கடையைத் தாண்டிய நாளிலெல்லாம் ஒரு வரி எழுதிப் போடு. வாசலில் மணி அடிக்கிறது, எழுந்து போகிறேன்.

உன் அக்கா,
மதலேன்